நைட்டு 2 மணிக்கு அம்மா ஏன் ஃபேன் ஸ்பீடைக் கூட்டுறாங்க? ஹார்மோன் மாத்திரை இல்லாமல் மெனோபாஸை சமாளிக்க ஒரு கைடு

மார்கழி மாசம். வெளியில பனி கொட்டுது. நீங்க போர்வைக்குள்ள சுருண்டு படுத்து ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணிட்டிருக்கீங்க. மணி ரெண்டு. பக்கத்து ரூம்ல அம்மா எழுந்து ஃபேனை அஞ்சுல வைக்கிறாங்க. "குளிருது, குறை" என்று அப்பா முனகுகிறார். அம்மா துண்டால் கழுத்து, முகமெல்லாம் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார்கள். என்னம்மா ஆச்சு என்று கேட்டால், ஒரே பதில்: "ஒண்ணுமில்ல, உடம்பு சூடு. காலையில வெந்தயம் குடிச்சா சரியாகிடும்."

எங்க வீட்டுலயும் இதே கதைதான். ரெண்டு வருஷமா அம்மா இப்படி எழுந்து நின்றிருக்கிறார். நான் ஹெட்போனைக் கழற்றிக் கேட்கவே இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அது வெறும் 'உடம்பு சூடு' இல்லை என்று எனக்கே புரிந்தது.

உங்க அம்மாவுக்கோ, அத்தைக்கோ, ஆபீஸில் பக்கத்து சீட் அக்காவுக்கோ இது நடந்துகொண்டிருக்கலாம். ஹார்மோன் சிகிச்சை எடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். எடுக்கப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு என்ன வழி? எது உண்மையில் வேலை செய்யும், எது வாட்ஸ்அப் ஃபார்வேர்டு மட்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, மெனோபாஸ்னா என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், அதற்குப் பெயர் மெனோபாஸ். அதாவது, அது வந்துவிட்டது என்பதே ஒரு வருஷம் கழித்துதான் உறுதியாகும். உலக அளவில் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயது வாக்கிலேயே வந்துவிடுகிறது. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால், அதை இயல்பு என்று விடக்கூடாது. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மெனோபாஸுக்கு முன்பு சில வருஷங்கள் ஒரு இழுபறிக் காலம் இருக்கும். இதை பெரிமெனோபாஸ் என்கிறார்கள். ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. வந்தால் கொட்டித் தீர்க்கும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், மறதி வரும். 'அம்மா இப்பல்லாம் சும்மா சும்மா கத்துறாங்க' என்று நாம் நண்பர்களிடம் புலம்புவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

ஆபரேஷன் மூலமாகவும் மெனோபாஸ் வரும். கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல வருஷங்களில் மெதுவாக நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்துவிடும். அவர்களுக்கு அறிகுறிகளும் கடுமையாக இருக்கும். உங்க வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பை எடுத்திருந்தால், சினைப்பையையும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். பல வீடுகளில் இந்த விஷயம் யாருக்குமே தெரியாது.

அது 'உடம்பு சூடு' இல்லை, மூளையின் தெர்மோஸ்டாட்

குப்பென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் அந்த வெப்பத்துக்கு ஹாட் ஃப்ளாஷ் என்று பெயர். மெனோபாஸ் காலத்தில் நான்கில் மூன்று பெண்களுக்கு இது வருகிறது. ஒருமுறை வந்தால் பொதுவாக ஒன்று முதல் ஐந்து நிமிஷம் வரை இருக்கும். பிறகு வியர்வை, சிலருக்கு நடுக்கம். தூக்கத்தில் வந்தால் இரவு வியர்வை.

ஏன் வருகிறது? நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் வெப்பநிலையைக் கவனித்துக்கொள்கிறது. அங்கே இருக்கும் சில நரம்பு செல்களை ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் கட்டுக்குள் வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜென் குறைந்ததும், கடிவாளம் போன குதிரை மாதிரி அந்த செல்கள் அதிகமாக வேலை செய்ய ஆரம்பிக்கும். உடம்பு லேசாகச் சூடானால்கூட, 'ஐயோ, ரொம்ப சூடு' என்று மூளை தப்பாக அலாரம் அடிக்கும். உடனே தோலில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரியும், வியர்வை கொட்டும். அவ்வளவுதான் விஷயம். கோழிக்கறி சாப்பிட்டதாலோ, எண்ணெய் தேய்த்துக் குளிக்காததாலோ வருவது இல்லை.

இன்னொரு தகவல். இது ஆறு மாதத்தில் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பல வருஷங்கள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வு, 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருஷங்களுக்கு மேல் நீடிக்கிறது. ஏழு வருஷம் சரியான தூக்கம் இல்லாமல், காலை 5 மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

ஹார்மோன் சிகிச்சை வில்லனா?

மாற்று வழிகளைப் பேசும் முன், ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை. ஹாட் ஃப்ளாஷைக் குறைப்பதில் இன்றுவரை அதுதான் நம்பர் ஒன். எத்தனை முறை வருகிறது என்பதை 75 சதவிகிதம் வரை குறைப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. எலும்புக்கும் பாதுகாப்பு.

பிறகு ஏன் பயம்? 2002-ல் அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்பது அதன் பெயர். ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களில், வருஷத்துக்கு 10,000 பேருக்குக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது தெரியவந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. டாக்டர்களும் எழுதித்தர பயந்தார்கள். ஆனால், அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்புச் செய்தியில் வரவில்லை. 60 வயதுக்குள் இருப்பவர்கள், மெனோபாஸ் வந்து 10 வருஷம் ஆகாதவர்கள், வேறு பெரிய பிரச்னை இல்லாதவர்கள் எடுத்தால் பொதுவாக ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பதுதான் இப்போதைய மருத்துவ நிலைப்பாடு.

ஆனால், சிலருக்கு இது பொதுவாக ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள். இவர்களுக்கும், 'எனக்கு ஹார்மோன் வேண்டாம்' என்று யோசித்து முடிவெடுத்தவர்களுக்கும்தான் கீழே வரும் பட்டியல்.

ஆய்வில் பாஸ் ஆனவை

ஹார்மோன் இல்லாத வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அலசி, வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எது ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கும், எது குறைக்காது என்று நேரடியாகவே சொன்ன அறிக்கை அது. அதில் பாஸ் ஆனவை இவை.

1. சி.பி.டி. என்னும் பேச்சு சிகிச்சை

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று இதைச் சொல்வார்கள். சுருக்கமாக சி.பி.டி. பஸ்ஸில் போகும்போது அம்மாவுக்கு முகம் சிவந்து வியர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எல்லாரும் என்னையே பார்க்குறாங்க, மானமே போகுது' என்ற நினைப்பு வரும். அந்தப் பதற்றமே படபடப்பைக் கூட்டும். 'இது மூணு நாலு நிமிஷத்துல போயிடும், எனக்கு இது பழகினதுதான்' என்று நினைப்பை மாற்றப் பழக்குவது, நிதானமாக மூச்சு விடுவது, நடுராத்திரியில் விழித்தால் மறுபடி தூங்கும் வழக்கத்தை உருவாக்குவது எல்லாம் இதில் அடக்கம்.

லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த உளவியலாளர் மைரா ஹன்டரும் அவருடைய குழுவும் 2012-ல் இதை இரண்டு ஆய்வுகளில் நிரூபித்தார்கள். அதில் ஒன்று மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்களிடம் நடந்தது. ஹாட் ஃப்ளாஷ் வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால், அது கொடுக்கும் தொந்தரவு நன்றாகக் குறைந்தது. குழுவாக உட்கார்ந்து பயிற்சி எடுத்தவர்களுக்கும், புத்தகத்தை வைத்துத் தாங்களே பழகியவர்களுக்கும் பலன் கிடைத்தது. இதற்கு க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். 'நான் என்ன பைத்தியமா?' என்று அம்மா கேட்டால், மூளையின் தெர்மோஸ்டாட் கதையைச் சொல்லுங்கள்.

2. க்ளினிக்கல் ஹிப்னாஸிஸ்

மேடையில் ஆளைத் தூங்கவைத்து ஆட வைக்கும் ஷோ இல்லை இது. பயிற்சி பெற்ற நிபுணர், ஆழ்ந்த ஓய்வு நிலையில் குளிர்ச்சியான காட்சிகளை மனதில் கொண்டுவரப் பழக்குவார். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் கேரி எல்கின்ஸ் குழு 187 பெண்களிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. 12-வது வாரத்தில் இந்தப் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஹாட் ஃப்ளாஷ் 74 சதவிகிதம் குறைந்திருந்தது. எடுக்காமல் இன்னொரு குழுவில் இருந்தவர்களுக்கு 17 சதவிகிதம்தான். நம்ம ஊரில் இதை முறையாகச் செய்பவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். யூடியூப் 'ஹிப்னாஸிஸ் மாஸ்டர்'களிடம் காசு கட்டிவிடாதீர்கள்.

3. மனச்சோர்வு மாத்திரைகள், குறைந்த அளவில்

கேட்டதும் அதிர்ச்சியாக இருக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், மூளையின் அந்த அலாரத்தையும் கொஞ்சம் அமைதியாக்கும். அதில் பரோக்ஸிடின் மாத்திரையை 7.5 மி.கி. என்ற குறைந்த அளவில் ஹாட் ஃப்ளாஷுக்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் 2013-ல் அனுமதித்தது. வென்லாஃபாக்ஸின், எஸிடாலோப்ராம் போன்றவற்றையும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வேலை செய்யும். ஓரிரு வாரங்களிலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் பரோக்ஸிடினைத் தவிர்க்க வேண்டும். டாமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யத் தேவையான என்ஸைமை பரோக்ஸிடின் தடுத்துவிடும். ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கப் போய் புற்றுநோய் மருந்தின் பலனைக் குறைத்துக்கொள்ளும் கதை ஆகிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். இந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

4. கபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின்

கபாபென்டின் வலிப்பு, நரம்பு வலிக்கான மருந்து. தூக்கம் வரவைக்கும் என்பதால், ராத்திரி வியர்வையால் தூக்கம் கெடுபவர்களுக்கு எழுதுவார்கள். தலைசுற்றல் வரலாம். ஆக்ஸிபியூட்டினின், அடிக்கடி சிறுநீர் வரும் பிரச்னைக்கான மருந்து. ஹாட் ஃப்ளாஷையும் குறைக்கும். ஆனால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு நினைவாற்றலைப் பாதிக்கலாம்.

5. புதுசா வந்த மாத்திரைகள்

மேலே சொன்ன அந்தக் கடிவாளம் போன நரம்பு செல்களையே நேராகக் குறிவைக்கும் மருந்து ஃபெஸோலினெடன்ட். 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹார்மோன் எதுவும் இல்லாமல், பிரச்னையின் வேருக்கே போகும் மருந்து என்பதால் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால், அபூர்வமாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்பதால் 2024 டிசம்பரில் அதன் மேல் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆரம்பிக்கும் முன்பும், முதல் 3 மாதம் மாதாமாதமும், பிறகு 6, 9-வது மாதங்களிலும் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். இதே குடும்பத்தில் எலின்ஸானெடன்ட் என்ற இன்னொரு மருந்து 2025-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. 'வெளிநாட்டிலிருந்து வாங்கிட்டு வரச் சொல்றேன்' என்று யாராவது சொன்னால், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

6. எடைக் குறைப்பு

உடல் எடை அதிகமாக இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் ஹாட் ஃப்ளாஷும் குறைகிறது. மெனோபாஸ் தொடங்கும் காலத்தில் பலன் கொஞ்சம் அதிகம். பட்டினி கிடந்து குறைப்பது எலும்புக்கும் தசைக்கும் கேடு. பொறுமையாகக் குறைக்க வேண்டும்.

நல்லதுதான், ஆனா ஹாட் ஃப்ளாஷுக்கு இல்லை

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. அதே 2023 அறிக்கை, ஹாட் ஃப்ளாஷுக்காகப் பரிந்துரைக்காதவற்றின் பட்டியலில் யோகா, உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி மட்டும் தனியாகச் செய்வது, அக்குபங்சர், சோயா உணவு, மூலிகை சப்ளிமென்ட் எல்லாம் இருக்கின்றன.

உடனே அம்மாவின் யோகா மேட்டைச் சுருட்டி வைக்காதீர்கள். 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் யோகா செய்தவர்களுக்கும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஹாட் ஃப்ளாஷ் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால், தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது. மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுகிறது, எலும்பு வேகமாகத் தேய்கிறது. இது இரண்டுக்கும் உடற்பயிற்சிதான் மருந்து. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொட்டைமாடியில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினாலும் அது பயிற்சிதான்.

காட்டன் நைட்டி, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், உடனே எடுத்துவிடக்கூடிய மாதிரி ஒரு மெல்லிய போர்வை. இதெல்லாம் ஆய்வில் நிரூபணமாகாவிட்டாலும் செலவில்லாத ஆறுதல். கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்ததும் வியர்க்கிறதா, காரம் சாப்பிட்டதும் வருகிறதா என்று அம்மாவே கவனித்துப் பார்க்கலாம். வந்தால் குறைக்கலாம். வராவிட்டால் பிடித்த காபியை ஏன் விட வேண்டும்?

வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்கு, ஃபார்வேர்டு வைத்தியம்

'எங்க சித்திக்கு ஒரே வாரத்துல சரியாகிடுச்சு' என்று யாராவது சொல்லும்போது அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஹாட் ஃப்ளாஷ் ஆய்வுகளில், மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுப்பவர்களில் கணிசமானவர்களுக்கும் அறிகுறிகள் குறைகின்றன. நம்பிக்கைக்கும் ஒரு பலம் உண்டு. தவிர, ஹாட் ஃப்ளாஷ் தானாகவே கூடிக் குறையும். அதனால்தான் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை ஒரு சித்தியை வைத்து முடிவு செய்ய முடியாது.

வெந்தயம், மோர், இளநீர் சாப்பாட்டு அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கைநிறைய அள்ளிப் போட்டுக்கொண்டால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் விற்கும் பிளாக் கோஹாஷ் என்ற வெளிநாட்டு மூலிகைக்குப் பலன் உறுதியாகவில்லை. அதை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி நம் ஊரில் பிரபலம். ஆனால் ஹாட் ஃப்ளாஷுக்கு அது பலன் தரும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. எடுக்க ஆசைப்பட்டால், பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போய் எடுங்கள். லேபிள் இல்லாத டப்பா வேண்டாம். ஆன்லைனில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. அதில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன.

எலும்பை மறந்துடாதீங்க

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் எலும்புக்குப் பாதுகாப்பு சேர்ந்தே கிடைக்கும். மேலே சொன்ன மாற்று மாத்திரைகள் எதிலும் அது கிடைக்காது. அதனால் ஹார்மோன் வேண்டாம் என்று முடிவெடுத்தால், எலும்பைத் தனியாகக் கவனித்தே ஆக வேண்டும்.

ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் தேவை. நம் சமையலறையிலேயே கணக்குப் போடலாம். 200 மில்லி பாலில் சுமார் 240 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. ஒரு டேபிள்ஸ்பூன் எள்ளில் சுமார் 120 மி.கி. ரெண்டு டம்ளர் பால் அல்லது தயிர், ஒருவேளை கேழ்வரகுக் களியோ அடையோ, கொஞ்சம் எள்ளுப்பொடி. சேர்த்துப் பார்த்தால் 950 வந்துவிடும். முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி சேர்த்தால் இலக்கைத் தொட்டுவிடலாம். வெயில் பட்டால் வைட்டமின் டி கிடைக்கும். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் கால்சியம் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சின்னதாக விழுந்தே எலும்பு முறிந்திருந்தாலோ, சீக்கிரமே மெனோபாஸ் வந்திருந்தாலோ, டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

யாருமே பேசாத பிரச்னை

ஹாட் ஃப்ளாஷ் ஒரு நாள் நின்றுவிடும். பிறப்புறுப்பு வறட்சி தானாக நிற்காது, போகப் போகக் கூடும். எரிச்சல், அரிப்பு, தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர்த்தொற்று. அம்மாக்கள் இதை டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. நம்மிடம் சொல்வார்களா? அதனால் இந்தப் பகுதியை நேராக அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

வெஜைனல் மாய்ஸ்சரைஸர் என்று மெடிக்கலில் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பயன்படுத்த வேண்டும். தாம்பத்தியத்தின்போது தண்ணீர் கலந்த லூப்ரிகன்ட் உதவும். தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். 'இனி கர்ப்பமே ஆகாது' என்ற நினைப்பும் தப்பு. கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் என்றால் இரண்டு வருஷமும், 50-க்குப் பின் என்றால் ஒரு வருஷமும் கருத்தடை தேவை. சோப்பு போட்டு உள்ளே கழுவுவது வறட்சியைக் கூட்டும். இதெல்லாம் போதவில்லை என்றால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் க்ரீம் இருக்கிறது. அது ஹார்மோன்தான். ஆனால் உடம்புக்குள் மிகக் கொஞ்சமே போகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

இதை மட்டும் 'வயசாகுது'ன்னு விடாதீங்க

எங்க பெரியம்மாவுக்கு 54 வயதில் மாதவிடாய் நின்று மூணு வருஷம் ஆகியிருந்தது. திடீரென்று ஒருநாள் லேசாக ரத்தம் பட்டது. "மறுபடியும் வந்துடுச்சு போல, உடம்புல இன்னும் தெம்பு இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். நாலு மாதம் கழித்து அக்கா வலுக்கட்டாயமாக ஸ்கேனுக்கு அழைத்துப்போனாள். கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய். ஆரம்ப நிலை என்பதால் ஆபரேஷனோடு முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். அந்த நாலு மாதம் இன்னும் எட்டு மாதமாகியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்படி வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்தப் புற்றுநோய் இருக்கலாம். பத்தில் ஒன்பது பேருக்கு வேறு சின்னக் காரணம்தான். ஆனால் அந்த ஒருவர் யார் என்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

படபடப்பு, வியர்வை, எடை மாற்றம் எல்லாம் தைராய்டு பிரச்னையிலும் வரும். அதனால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி.பி. நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வியர்வையோடு நெஞ்சு அடைப்போ, தாடை வலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் ஹாட் ஃப்ளாஷ் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாரக்கணக்கில் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, வாழவே வேண்டாம் என்ற பேச்சு இருந்தால், அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

நீங்க என்ன பண்ணலாம்?

உங்க போன்லயே ஒரு நோட் ஓப்பன் பண்ணுங்க. ரெண்டு வாரம், அம்மாவுக்கு எத்தனை முறை ஹாட் ஃப்ளாஷ் வந்தது, ராத்திரி எத்தனை முறை எழுந்தார்கள், கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று குறியுங்கள். அம்மா எடுக்கும் மாத்திரைகளை எல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு யாருக்காவது இருந்ததா என்று பாட்டியைக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவோ, தனியார் டாக்டரோ, ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். இந்த ஒரு நோட் அந்த ஐந்து நிமிஷத்தை அரைமணி நேரத்துக்குச் சமமாக்கும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி போதும். 'அம்மாவுக்கு ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா, கூடாதா? கூடாது என்றால், ஹார்மோன் இல்லாத எந்த மருந்து அம்மா எடுக்கும் மத்த மாத்திரைகளோடு ஒத்துப்போகும்? எத்தனை வாரத்தில் பலன் தெரியணும், தெரியலைனா அடுத்து என்ன?'

பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது என்று கூச்சமாக இருக்கா? 'உனக்கு மெனோபாஸா?' என்று நேராகக் கேட்க வேண்டாம். "நைட்டு தூக்கமே இல்லாம எழுந்துக்குறியேம்மா, என்னாச்சு?" என்று கேளுங்கள். பையனாக இருந்தாலும் கேட்கலாம், தப்பே இல்லை. நான் கேட்டபோது அம்மா முதலில் "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றுதான் சொன்னார். அடுத்த நாள் காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

இன்று ராத்திரி 2 மணிக்கு ஃபேன் ஸ்பீடு கூடும் சத்தம் கேட்டால், போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணியோட எழுந்து போங்க.